பிரஷர் இல்லாதவருக்கு எதற்குப் பிரஷர் மாத்திரை?

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, எந்த ஊர் ஆஸ்பத்திரியாக இருந்தாலும் சரி, கிளினிக் நாளில் வாங்கில் உட்கார்ந்திருந்தால் இந்தப் பேச்சு ஒரு தடவையாவது காதில் விழும். "எனக்குப் பிரஷரே இல்லக்கா, நூத்திப்பத்துதான் காட்டுது, ஆனா லொசார்டன் எழுதிக் குடுத்திருக்காங்க. கொப்பி மாறிப் போச்சோ என்னவோ." பக்கத்தில் இருப்பவர் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவார்: "போடாத தங்கச்சி, இல்லாத பிரஷருக்கு மாத்திரை போட்டா தல சுத்தி மலையில விழுந்துருவ." மாத்திரை பைக்குள்ளேயே கிடக்கும். அடுத்த யூரின் ரிப்போர்ட்டில் அல்புமின், அதாவது இரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம், இரண்டு பிளஸ் மூன்று பிளஸ் ஆகியிருக்கும்.

கொப்பி மாறவில்லை. அந்த மாத்திரை, கையில் பட்டி கட்டிப் பார்க்கும் பிரஷருக்காகக் கொடுத்ததே அல்ல. சிறுநீரகத்துக்குள் ஒரு மூலக்கூறு ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு செய்தியை அடக்குவதற்காகக் கொடுத்தது. வாசல் வரைக்கும் ஆட்கள் நிற்கும் கிளினிக்கில் இதையெல்லாம் விளக்க டொக்டருக்கு நேரம் கிடைப்பதில்லை, கேட்க இவர்களுக்கும் கூச்சம். அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த பிளஸ் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். இப்போது பெரும்பாலும் ஒரு பட்டையை நனைத்து நிறம் மாறுகிறதா என்று பார்க்கிறார்கள். பழைய முறை இன்னும் அழகு. பரிசோதனைக் குழாயில் முக்கால்வாசிக்குச் சிறுநீரை எடுத்து, அடியைப் பிடித்துக்கொண்டு மேல் பகுதியை மட்டும் சுடரில் காட்ட வேண்டும். கொதி வந்ததும் மேலே வெள்ளையாகக் கலங்கும், கீழே தெளிவாகவே நிற்கும், ஒரே குழாயில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். அதோடு முடிவு சொல்லிவிடக் கூடாது. ஐதான அசற்றிக் அமிலம் சில துளி விட வேண்டும். கலங்கல் கரைந்துபோனால் அது வெறும் பொஸ்பேட். கரையாமல் நின்றால் புரதம். லண்டன் கய்ஸ் ஆஸ்பத்திரியில் ரிச்சர்ட் பிரைட் என்ற வைத்தியர் 1827இல், உடம்பு வீங்கியவர்களின் சிறுநீர் சூடாக்கினால் உறைகிறது, அவர்கள் இறந்த பிறகு அறுத்துப் பார்த்தால் சிறுநீரகம் கெட்டிருக்கிறது என்று இரண்டையும் சேர்த்து எழுதினார். கரண்டியும் மெழுகுதிரியும்தான் அன்றைக்கு லேப்.

ஆரோக்கியமான ஒருவரின் சிறுநீரில் ஒரு நாளைக்கு மொத்தப் புரதமே 150 மில்லிகிராமுக்குக் கீழே, அதில் அல்புமின் 30 மில்லிகிராமுக்குக் கீழே. 3.5 கிராமைத் தாண்டினால் அது நெஃப்ரொட்டிக் அளவு. காலையில் எழும்பும்போது கண் இமை ஊதியிருக்கும், பின்னேரம் கால் ஊதும், சிறுநீர் நுரைக்கும், நுரை அடங்கவும் மாட்டாது. ஒரே ஒரு பிளஸ் வந்தவுடன் பயந்துவிடவும் தேவையில்லை. காய்ச்சல் வந்தாலும், முதுகு ஒடிய வேலை செய்தாலும் தற்காலிகமாகப் புரதம் வரும். மாறாக, நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனால் நிஜமாக ஒழுகும் புரதமும் ஐதாகி ரிப்போர்ட்டில் குறைத்துக் காட்டும். அதனால்தான் காலை முதல் சிறுநீரில் அல்புமினையும், தசையிலிருந்து வரும் கழிவான கிரியேட்டினினையும் அளந்து விகிதம் பார்க்கச் சொல்கிறார்கள்.

சரி, ஏன் ஒழுகுகிறது? "கிட்னியில ஓட்ட விழுந்துருச்சி" என்பதுதான் எல்லோரும் சொல்லும் விளக்கம். அது முழுப் பொய்யுமில்லை, ஆனால் ஓட்டை என்றால் அடைக்க முடியாதது, இனி என்ன செய்ய என்ற எண்ணம் வந்துவிடுகிறது. நடப்பது வேறு.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய பத்து லட்சம் கலன்கோளங்கள். ஒவ்வொன்றும் மெல்லிய இரத்தக் குழாய்கள் சுருண்டு கிடக்கும் ஒரு உருண்டை. ஒரு நாளைக்கு இவற்றின் வழியே வடிவது சுமார் 180 லீற்றர். இரத்தத் திரவத்தில் லீற்றருக்குச் சுமார் 40 கிராம் அல்புமின் இருக்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், தடுப்பு ஒன்று இல்லாவிட்டால் ஒரு நாளில் 7 கிலோவுக்கு மேல் அல்புமின் போயிருக்கும். போவதோ சில மில்லிகிராம். அந்தத் தடுப்பு மூன்று அடுக்கு: உள்ளே இரத்தக் குழாயின் சுவர்க் கலங்கள், நடுவில் ஒரு மென்படலம், வெளியே பொடோசைட் என்ற கலங்கள். இந்தப் பொடோசைட்டுகள் கால் விரல்களைப் பரப்பிக் குழாயைக் கட்டிப் பிடித்திருக்கும். ஒரு கலத்தின் விரல்களுக்கு இடையில் பக்கத்துக் கலத்தின் விரல்கள் வந்து கோத்துக்கொள்ளும், நடுவில் மிகச் சிறிய இடைவெளி, அந்த இடைவெளிக்குக் குறுக்கே ஒரு திரை.

அந்தத் திரையின் முக்கிய நூல் எது என்பது 1998இல்தான் தெரிய வந்தது. பின்லாந்தில் சில குழந்தைகள் பிறக்கும்போதே பெருமளவு புரதம் ஒழுகும் நோயோடு பிறக்கின்றன. கார்ல் டிரிக்வாசனின் குழு அந்தக் குடும்பங்களின் மரபணுவைத் தேடிப் போய் நெஃப்ரின் என்ற புரதத்தைக் கண்டுபிடித்தது. நெஃப்ரின் இல்லையென்றால் திரை இல்லை. அதைவிட எனக்குச் சுவாரசியமாகப் படுவது அதற்குப் பிறகு தெரிய வந்த விஷயம்: நெஃப்ரின் சும்மா குறுக்கே நிற்கும் நூல் மட்டுமல்ல, அதன் உள்முனை கலத்துக்குள் நீண்டிருக்கிறது, வெளியே என்ன நடக்கிறது என்று உள்ளே செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அந்தச் செய்தியைப் பொறுத்துத்தான் விரல்களைத் தாங்கும் அக்டின் இழைகள் கட்டப்படுவதும் கலைக்கப்படுவதும். செய்தி குழம்பினால் விரல்கள் தட்டையாகிப் பரவிவிடும், திரை குலையும், அல்புமின் போகும். கலம் செத்துப்போக வேண்டியதே இல்லை.

சிறுபிள்ளைகளுக்கு அதிகமாக வரும் மினிமல் சேஞ்ச் என்ற நோய் இதற்குக் கண்கண்ட சாட்சி. பிள்ளையின் முகம் ஊதி, வயிறு ஊதி, பார்க்கவே பயமாக இருக்கும். சிறுநீரகத்திலிருந்து துணுக்கு எடுத்துச் சாதாரண நுணுக்குக்காட்டியில் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தால் மட்டும் விரல்கள் எல்லாம் தட்டையாகிக் கிடக்கும். பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட் மாத்திரை கொடுத்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சில வாரங்களில் புரதம் நின்றுவிடும், விரல்களும் பழையபடி எழும்பிவிடும். உண்மையான ஓட்டை என்றால் இப்படி மூடிக்கொள்ளுமா?

இனிச் செய்தி அனுப்புவது யார் என்ற கேள்வி. சில செய்திகள் இரத்தத்தோடு வெளியிலிருந்து வருகின்றன. மினிமல் சேஞ்சில் ஏதோ ஒரு பொருள் இரத்தத்தில் சுற்றுகிறது, அது நோய் எதிர்ப்புக் கலங்களிலிருந்து வருகிறது என்று ஷல்ஹூப் என்பவர் 1974இலேயே ஊகித்தார். அந்தப் பொருளைத் தேடி எத்தனையோ ஆய்வுகள். 2011இல் சூபார் என்ற மூலக்கூறுதான் ஆள் என்று, கலன்கோளம் தழும்பாகும் எஃப்.எஸ்.ஜி.எஸ். நோய்க்கு ஒரு குழு அறிவித்தது, பெரிய பரபரப்பு. பிறகு பார்த்தால் எந்தக் காரணத்தால் சிறுநீரகம் மங்கினாலும் சூபார் கூடுகிறது, குற்றவாளி என்று கைகாட்ட முடியவில்லை. 2022க்குப் பிறகு வேறு ஒரு திசையில் நல்ல தடயம் கிடைத்திருக்கிறது: மினிமல் சேஞ்ச் நோயாளிகளில் ஒரு பகுதியினரின் உடம்பு, நெஃப்ரினுக்கு எதிராகவே பிறபொருளெதிரிகளை உண்டாக்குகிறது. சொந்தத் திரையையே சொந்த உடம்பு தாக்குகிறது. நோய் தணியும்போது அவை குறைகின்றன.

வெளியிலிருந்து வரும் செய்திக்கு இதைவிட அழுத்தமான சாட்சி ஒன்று உண்டு. எஃப்.எஸ்.ஜி.எஸ். உள்ள சிலருக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்தால், வைத்த சில மணித்தியாலங்களிலோ நாட்களிலோ புதிய சிறுநீரகமும் புரதத்தை ஒழுகவிடத் தொடங்கும். 2012இல் சிக்காகோவிலிருந்து ஒரு சம்பவம் வெளியானது. ஓர் இளைஞனுக்குத் தங்கை கொடுத்த சிறுநீரகம் உடனேயே பெருமளவு புரதத்தை ஒழுகவிட்டது. எந்த வைத்தியமும் எடுபடவில்லை. இரண்டு வாரத்தில் அதை வெளியே எடுத்து, எறியாமல், எல்லோருடைய சம்மதத்தோடும் நீரிழிவால் சிறுநீரகம் போன இன்னொரு வயதானவருக்கு வைத்தார்கள். அங்கே போனதும் அதே சிறுநீரகத்தில் ஒழுகல் குறைந்தது, வேலை செய்யவும் தொடங்கியது. சிறுநீரகம் மாறவில்லை, அதன் வழியே ஓடிய இரத்தம்தான் மாறியது.

கர்ப்பிணித் தாய்மாரின் சிறுநீரை ஒவ்வொரு கிளினிக்கிலும் மிட்வைஃப் வற்புறுத்திக் கேட்டு வாங்குவதற்கும் இதே கதைதான் காரணம். பொடோசைட்டுகள் வி.ஈ.ஜி.எஃப். என்ற ஒரு மூலக்கூறைச் சுரந்து, எதிர்ப்பக்கம் இருக்கும் இரத்தக் குழாய்ச் சுவர்க் கலங்களுக்கு அனுப்புகின்றன. நீ நன்றாக இரு, சுவரில் உள்ள நுண்துளைகளைச் சரியாக வைத்துக்கொள் என்பது அந்தச் செய்தி. சில கர்ப்பங்களில், இருபது வாரத்துக்குப் பிறகு, சூல்வித்தகம் எஸ்.எஃப்.எல்.டி-1 என்ற இன்னொரு பொருளை அளவுக்கு மீறி இரத்தத்தில் விடும். அது வி.ஈ.ஜி.எஃப்.ஐப் பிடித்து மடக்கிவிடும், செய்தி போய்ச் சேராது, சுவர்க் கலங்கள் வீங்கும், பிரஷர் ஏறும், புரதம் வரும். 2003இல் கருமாஞ்சியின் குழு இதை எலிகளில் காட்டியது. பிள்ளையும் சூல்வித்தகமும் வெளியே வந்த பிறகு பெரும்பாலும் எல்லாம் சில வாரங்களில் அடங்கிவிடும். வி.ஈ.ஜி.எஃப்.ஐத் தடுக்கும் புற்றுநோய் மருந்து பெவாசிசுமாப் எடுப்பவர்களில் சிலருக்கும் இதேபோல் புரதம் ஒழுகுகிறது. ஒரே கம்பியை யார் அறுத்தாலும் ஒரே விளைவு.

இப்போது நமது லொசார்டனுக்கு வருவோம். அது அடக்குவது ஆஞ்சியோடென்சின் 2 என்ற ஹோர்மோனின் செய்தியை. அந்த ஹோர்மோனை எல்லோரும் பிரஷரோடு சேர்த்துத்தான் அறிவார்கள். கலன்கோளத்தில் அது செய்யும் வேலை தனி. இரத்தம் உள்ளே வரும் குழாயைவிட வெளியே போகும் குழாயை அது அதிகமாக இறுக்குகிறது. உள்ளே வந்த இரத்தம் வெளியே போக வழி சுருங்கினால் அந்த உருண்டைக்குள் அழுத்தம் கூடும். கையில் 110 காட்டும் ஆளின் கலன்கோளத்துக்குள் தாங்க முடியாத அழுத்தம் இருக்கலாம், பிரஷர் பட்டிக்கு அது தெரியாது. நீரிழிவில் இன்னொரு சிக்கல், உள்ளே வரும் குழாயும் அகலமாகிவிடும். ஏற்கெனவே பாதிக் கலன்கோளங்கள் போய்விட்டவர்களுக்கு மிச்சமிருப்பவை எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வதால் அவற்றிலும் அழுத்தம் ஏறும். பாரி பிரென்னர் 1980களில் இதை விளக்கினார்.

அழுத்தம் மட்டுமென்றாலும் பரவாயில்லை. ஆஞ்சியோடென்சினைக் கேட்கும் வாங்கிகள் பொடோசைட்டிலேயே இருக்கின்றன. அது வந்து தொட்டால் கலத்துக்குள் கல்சியம் பாய்கிறது, அக்டின் இழைகள் குலைகின்றன, நெஃப்ரின் குறைகிறது. கல்சியம் பாயும் வாசல்களில் ஒன்றான டிர்ப்-சி6 பழுதாகப் பிறந்த குடும்பங்களில் எஃப்.எஸ்.ஜி.எஸ். பரம்பரையாக வருகிறது என்பது 2005இல் தெரிந்தது. பொடோசைட் மீண்டும் பிரிந்து பெருகக்கூடிய கலமும் அல்ல. நீண்ட நாள் இந்தத் தொல்லையைத் தாங்கிவிட்டு ஒன்று கழன்று சிறுநீரோடு போனால், அந்த இடம் வெறுமையாகி, மெல்ல மெல்லத் தழும்பாகும்.

"பிரஷரைக் குறைக்கும் எந்த மாத்திரையும் இதைச் செய்யாதா?" என்று கேட்டால், செய்யாது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2001இல் வெளியான ஐ.டி.என்.டி. ஆய்வில், டைப் 2 நீரிழிவும் பிரஷரும் புரத ஒழுகலும் உள்ள 1715 பேரைப் பிரித்து, ஒரு பகுதிக்கு ஆஞ்சியோடென்சினைத் தடுக்கும் இர்பிசார்டன், இன்னொரு பகுதிக்கு நம் ஆஸ்பத்திரிகளிலும் சாதாரணமாகக் கொடுக்கும் அம்லொடிபின், மூன்றாவது பகுதிக்குப் போலி மாத்திரை கொடுத்தார்கள். அம்லொடிபினும் பிரஷரை ஏறக்குறைய இர்பிசார்டன் அளவுக்கே குறைத்தது. ஆனால் கிரியேட்டினின் இரட்டிப்பாவது, சிறுநீரகம் முழுதாகச் செயலிழப்பது, மரணம் இவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது அம்லொடிபின் எடுத்தவர்களைவிட இர்பிசார்டன் எடுத்தவர்களுக்கு ஆபத்து 23 வீதம் குறைவு. அதே ஆண்டு லொசார்டனை வைத்து 1513 பேரில் நடந்த ஆய்வில் புரத ஒழுகல் 35 வீதம் குறைந்தது. ஆகவே அந்த மாத்திரை செய்வது பிரஷர் குறைப்பு மட்டுமல்ல. பிரஷர் ஏறாதவருக்கும், புரதம் போதுமான அளவு ஒழுகினால், டொக்டர்கள் இதை எழுதுவது இதனால்தான். குறைந்த அளவில் தொடங்கித்தான் ஏற்றுவார்கள். தலை சுற்றினால் அதைக் கிளினிக்கில் சொல்ல வேண்டும், பைக்குள் போட்டுவைக்கக் கூடாது.

கதையின் இரண்டாம் பாதிதான் என் பார்வையில் முக்கியமானது, ஏனென்றால் இங்கேதான் ஒழுகல் நோயின் அடையாளம் என்ற நிலையிலிருந்து நோயின் காரணமாகவே மாறுகிறது. கலன்கோளத்தைத் தாண்டி வந்துவிட்ட அல்புமின் நேரே சிறுநீரில் போய் விழுவதில்லை. அடுத்துள்ள நுண்குழாயின் கலங்கள் மெகாலின், கியூபிலின் என்ற வாங்கிகளால் அதைப் பிடித்து உள்ளே இழுத்து, உடைத்து, திருப்பிக் கொடுக்கப் பார்க்கும். கொஞ்சம் வந்தால் சமாளிக்கும். கிராம் கணக்கில் வந்தால் அந்தக் கலங்கள் திணறுகின்றன, உள்ளே என்.எஃப்.-கப்பா-பி என்ற ஆளி போடப்படுகிறது, எம்.சி.பி-1 போன்ற மூலக்கூறுகளை அவை வெளியே, சிறுநீர்ப் பக்கமல்ல, திசுவின் பக்கம் விடத் தொடங்குகின்றன. எம்.சி.பி-1 என்பது வெள்ளைக் கலங்களை அழைக்கும் குரல். வந்து சேரும் பெருவிழுங்கிகள் என்ற வெள்ளைக் கலங்கள் தம் பங்குக்கு டி.ஜி.எஃப்-பீட்டாவைச் சுரக்கும். எண்டோதெலின் என்ற இன்னொன்று குழாய்களைச் சுருக்கும், தழும்பையும் தூண்டும். டி.ஜி.எஃப்-பீட்டா வந்துவிட்டால் கொலாஜன் நார் உற்பத்தி தொடங்கிவிடும், நுண்குழாய்களுக்கு இடையில் நார் படியும், சிறு இரத்தக் குழாய்கள் நசுங்கும், ஒட்சிசன் குறையும், இன்னும் கலங்கள் சாகும். சாதாரண காயத்தை ஆற்றுவதற்கு உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடுதான் இது, நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல் போய்க்கொண்டே இருக்கிறது, அவ்வளவுதான். இத்தாலியின் பெர்காமோவில் ரெமுசியும் அவரது கூட்டாளிகளும் புரதமே நஞ்சாகிறது என்று 1990களில் வலியுறுத்தினார்கள். நீரிழிவு இல்லாத நோயாளிகளிலும் எவ்வளவு அதிகம் ஒழுகுகிறதோ அவ்வளவு வேகமாகச் சிறுநீரகம் போகிறது என்பதை ஆஞ்சியோடென்சின் உண்டாவதைத் தடுக்கும் ராமிப்ரில் மாத்திரையை வைத்து அவர்கள் செய்த ஆய்வு 1997இல் காட்டியது.

அப்படியென்றால் டி.ஜி.எஃப்-பீட்டாவையே நேரடியாகத் தடுத்துவிட்டால்? எல்லோருக்கும் தோன்றிய யோசனை. 1990இல் எலிகளில் செய்து பார்த்தார்கள், அற்புதமாக வேலை செய்தது. மனிதர்களில், நீரிழிவுச் சிறுநீரக நோயாளிகளுக்கு, அதற்கு எதிரான பிறபொருளெதிரி ஒன்றைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு பலனில்லை என்று இடையிலேயே நிறுத்தப்பட்டது, முடிவு 2017இல் வெளியானது. ஒரு மூலக்கூறைக் குற்றவாளியாக்கி அதைத் தூக்கில் போட்டால் நோய் தீரும் என்று வட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளைப் பார்க்கும்போதெல்லாம் இந்த ஆய்வுதான் எனக்கு ஞாபகம் வரும். சமிக்ஞை மூலக்கூறுகள் தனித்தனியாக வேலை செய்வதில்லை. ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று அந்த இடத்துக்கு வரும், போதாதற்கு அதே டி.ஜி.எஃப்-பீட்டா வேறு இடத்தில் அழற்சியை அடக்கும் நல்ல வேலையும் செய்துகொண்டிருக்கும்.

வீக்கமும் ஒரு செய்தியின் விளைவுதான் என்பது பலருக்குத் தெரியாது. இரத்தத்தில் அல்புமின் குறைவதால் நீர் வெளியே கசிகிறது என்று படித்திருப்போம். அது ஒரு பகுதி. ஒழுகும் புரதங்களோடு பிளாஸ்மினோஜன் என்பதும் சிறுநீருக்குள் வந்து, பிளாஸ்மினாக மாறி, நுண்குழாயின் கடைசிப் பகுதியில் சோடியத்தை உள்ளே எடுக்கும் வாசலைத் திறந்துவிடுகிறது என்று 2009இல் காட்டினார்கள். சிறுநீரகமே உப்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, உப்போடு தண்ணீரும் நிற்கிறது. ஆகவே உப்பைக் குறை என்பது சம்பிரதாயத்துக்குச் சொல்வதல்ல. இன்னொன்றும் உண்டு, உப்பு அதிகமாகத் தின்றால் லொசார்டன், அதேபோல ஆஞ்சியோடென்சினை அடக்கும் எனலப்ரில், இரண்டும் புரதத்தைக் குறைக்கும் சக்தி மங்கிவிடுகிறது. மாத்திரையைத் தவறாமல் போட்டுவிட்டு ரொட்டிக்குக் கருவாட்டுச் சம்பலும் ஊறுகாயும் வைத்துக்கொண்டால் பாதி மாத்திரை வீண். இதைச் சொல்வது சுலபம், விடியற்காலை ரொட்டி சுட்டுக் கட்டிக்கொண்டு மலை ஏறுபவருக்குக் கருவாடும் சம்பலும்தான் மலிவான கறி என்பதும் தெரிந்ததுதான். இருந்தாலும் சம்பலில் உப்பைக் குறைத்துத் தேசிக்காயைக் கூட்டலாம், கருவாட்டை வாரத்தில் ஒரு நாளாக்கலாம்.

அதைவிட எனக்குக் கவலை தருவது வலி மாத்திரை. கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டி முதுகில் சுமந்து, சரிவில் நாள் முழுக்க நிற்பவர்களுக்கு இடுப்பு வலி வராமல் இருந்தால்தான் அதிசயம். கிளினிக் போனால் அன்றைக்குப் பேர் விழாது, சம்பளமும் இல்லை, அதனால் டவுனுக்குப் போகும்போது பார்மசியில் டைக்லொபினாக் ஒரு கார்ட் வாங்கிக்கொள்வார்கள், அக்கம்பக்கத்துக்கும் பங்கு போகும். வலியைக் கொண்டுவரும் புரோஸ்டாகிளாண்டின் என்ற மூலக்கூறுகளை இந்த மாத்திரை தடுக்கிறது. அதே புரோஸ்டாகிளாண்டின்தான் கலன்கோளத்துக்கு இரத்தம் வரும் குழாயை, நெருக்கடி நேரத்தில், திறந்து வைக்கிறது. லொசார்டன் வெளியே போகும் குழாயைத் தளர்த்திவிட்டது, வலி மாத்திரை உள்ளே வரும் குழாயைச் சுருக்கிவிட்டது, இதோடு நீர் போகும் மாத்திரையும் சேர்ந்து, வெயிலில் வியர்த்தும் இருந்தால், சிறுநீரகம் சில நாட்களுக்குள் திடீரென்று நின்றுபோகலாம். மினிமல் சேஞ்ச் போன்ற ஒழுகலையே சிலருக்கு இந்த மாத்திரைகள் உண்டாக்குவதும் உண்டு. வலிக்குப் பனடோல் போட்டுப் பார்ப்பதும், லொசார்டன் எடுப்பதை பார்மசியில் சொல்லுவதும் நல்லது.

லயங்களில் பிள்ளைகளுக்கு வரும் சொறி சிரங்கையும் விட்டுவிட முடியாது. ஒரே அறையில் நெருங்கிப் படுக்கும் வீடுகளில் ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் வரும், சொறிந்த புண்ணில் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமி ஏறும். புண் ஆறி, எல்லோரும் மறந்து, மூன்று முதல் ஆறு வாரத்தில் பிள்ளையின் முகம் ஊதி, சிறுநீர் சாயம் கூடிய பிளேன்டீ நிறத்தில் போகும். கிருமி சிறுநீரகத்துக்குப் போகவில்லை. கிருமிக்கு எதிராக உடம்பு செய்த பிறபொருளெதிரிகள் கலன்கோளத்தில் படிந்து, சி5ஏ போன்ற நிரப்புப் புரதத் துண்டுகள் வெள்ளைக் கலங்களைக் கூவி அழைத்ததன் விளைவு. அநேகமான பிள்ளைகள் தேறிவிடுவார்கள், ஆனால் பிரஷர் ஏறி வலிப்பு வரும் ஆபத்து இருப்பதால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயே ஆக வேண்டும்.

கிட்னி என்றாலே அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்துத் தண்ணீரைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். பதுளை மாவட்டத்திலேயே கீழே கிராந்துருகோட்டையில் அந்தக் காரணம் தெரியாத நோய் இருப்பதால் மேலே உள்ளவர்களுக்கும் அந்தப் பயம். அது வேறு நோய். அங்கே முதலில் கெடுவது நுண்குழாயும் அதைச் சுற்றிய திசுவும், புரத ஒழுகல் மிகக் குறைவு, யூரின் ரிப்போர்ட் கிட்டத்தட்டச் சுத்தமாகவே இருக்கும், கிரியேட்டினின் பார்த்தால்தான் பிடிபடும். நாம் இங்கே பேசுவதில் வரிசை தலைகீழ், முதலில் கலன்கோளம், பிறகு நுண்குழாய். மலையகத்தில் சீனி வருத்தமும் பிரஷரும் இருப்பவர்கள் தண்ணீரைச் சந்தேகிப்பதைவிட வருடத்துக்கு ஒரு தடவை அல்புமின் விகிதம் பார்ப்பது பயனுள்ளது.

கடந்த சில வருடங்களில் வந்த மருந்துகளும் இந்தச் செய்திப் போக்குவரத்தில்தான் கை வைக்கின்றன. டபாகிளிஃப்ளொசின், எம்பாகிளிஃப்ளொசின் இரண்டும் சீனியைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரைகளாகத்தான் வந்தன. அவை சோடியத்தையும் கீழே விடுவதால், நுண்குழாய் திரும்பி வந்து கலன்கோளத்தைத் தொடும் இடத்தில் உள்ள கலங்கள், அதிகமாக வடிகிறது என்று நினைத்து அடினோசின் என்ற மூலக்கூறு மூலம் உள்வாசல் குழாயைச் சுருக்கச் சொல்கின்றன. அழுத்தம் குறைகிறது. லொசார்டன் ஒரு பக்கத்திலும் இது மறுபக்கத்திலும். 2020இல் வெளியான டபா-சி.கே.டி. ஆய்வில் நீரிழிவு இல்லாத நோயாளிகளுக்கும் பலன் கிடைத்தது. உப்பைப் பிடித்துவைக்கும் ஹோர்மோனான அல்டோஸ்டிரோனின் செய்தியைத் தடுக்கும் ஃபினெரெனோன் அதே ஆண்டு ஆய்வு முடிவு வெளியான இன்னொன்று. எண்டோதெலினையும் ஆஞ்சியோடென்சினையும் ஒரே மாத்திரையில் தடுக்கும் ஸ்பார்சென்டனுக்கு, ஐ.ஜி.ஏ. என்ற பிறபொருளெதிரி கலன்கோளத்தில் படியும் நோய்க்காக, அமெரிக்கா 2023இல் அனுமதி கொடுத்தது.

நமக்கு இலவசமாகக் கையில் கிடைப்பது இன்றைக்கும் பெரும்பாலும் எனலப்ரிலும் லொசார்டனும்தான், அவற்றை ஒழுங்காக எடுத்தாலே பெரிய விஷயம். சில விடயங்களை மட்டும் கவனிக்க வேண்டும். கர்ப்பம் தரித்தால், அல்லது தரிக்க யோசித்தால், உடனே கிளினிக்கில் சொல்லி மாற்ற வேண்டும், இரண்டுமே வயிற்றுப் பிள்ளையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வாந்தி, வயிற்றோட்டம் வந்து தண்ணீர் தங்காத நாட்களில் என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும், பெரும்பாலும் சில நாள் நிறுத்தச் சொல்வார்கள். தொடங்கிய பிறகு சில வாரங்களில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்கச் சொன்னால் தவறவிடக் கூடாது. கிரியேட்டினின் கொஞ்சம் ஏறுவது எதிர்பார்த்ததுதான், உள்ளழுத்தம் குறைந்ததற்கு அடையாளம், 30 வீதத்துக்கு மேல் ஏறினால்தான் வேறு ஏதும் இருக்கிறதா என்று தேடுவார்கள்.

அப்புறம் அந்த இருமல். எனலப்ரில் எடுக்கும் சிலருக்குச் சளியே இல்லாத வறட்டு இருமல் வரும், இராத்திரியில் தூங்க விடாது. நுவரெலியாக் குளிரிலும் பனியிலும் யார் மாத்திரையைச் சந்தேகிப்பார்கள்? இருமல் பாணி ஒரு போத்தல், கொத்தமல்லித் தண்ணி, மப்ளர், கடைசியில் நெஞ்சுப் படம் கூட எடுத்துவிடுவார்கள். எனலப்ரில் தடுக்கும் அதே நொதிதான் பிராடிகினின் என்ற இன்னொரு சமிக்ஞை மூலக்கூறையும் உடைக்கிறது. நொதி நின்றுவிட்டால் பிராடிகினின் சேர்ந்து தொண்டையை அரிக்கும். லொசார்டன் அந்த நொதியைத் தொடுவதில்லை, வாங்கியைத்தான் அடைக்கிறது. அதனால் கிளினிக்கில் இருமலைச் சொன்னால் எனலப்ரிலை வெட்டிவிட்டு லொசார்டன் எழுதிக் கொடுப்பார்கள், இருமல் அடங்க ஓரிரு வாரம் முதல் சில வாரங்கள் வரை ஆகும்.